ஆவணப்படம் எடுப்பவர்களும் அவர்கள் எடுத்துக்கொள்ளும் விஷயங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுயாதீனப் படம் என்றால் குறைந்த செலவில் எடுத்த படம்தானே?

செலவு குறைவது பெரும்பாலும் விளைவு. கடைசி கட், அதாவது படத்தின் இறுதித் தொகுப்பு, யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். எந்தக் காட்சி இருக்கும், எது போகும் என்பதில் பணம் போட்டவர் கை வைக்க முடியாதென்றால் அது சுயாதீனப் படம். பணம் எங்கிருந்தும் வரலாம். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) மேற்கு வங்க அரசின் பணத்தில்தான் முடிந்தது. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா திரைப்படக் குழுவினரும் கேரளத்தில் ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டுக் காட்டி, மக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுத்தார்கள். ஆவணப்பட வரலாற்றின் முதல் பெரிய வெற்றி என்று சொல்லப்படும் 'நானூக் ஆஃப் த நார்த்' (1922) படத்துக்குப் பணம் கொடுத்தது ரெவியோன் ஃப்ரேர் என்ற ஃபர் வியாபார நிறுவனம்.

தொண்டு நிறுவனமோ ஓடிடி தளமோ பணம் தருகிறது என்றால், ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருக்கும் பக்கத்தை அப்புறம் பார்க்கலாம். இறுதி வடிவம் யார் ஒப்புதலோடு வெளியாகும் என்ற பத்தியை முதலில் தேடிப் படியுங்கள்.

விஷயத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

'தண்ணீர்ப் பிரச்சினை பற்றி எடுக்கப் போகிறேன்' என்று யாராவது வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி: யார் வீட்டுக்குள் உங்களை விடுவார்கள்? தண்ணீர்ப் பிரச்சினையைக் கட்டுரையாக எழுதலாம். படமாக எடுக்க ஒரு ஆள் வேண்டும், ஒரு இடம் வேண்டும், அங்கே தினமும் போய் உட்கார அனுமதி வேண்டும். இது மூன்றும் கூடிவரும்போதுதான் விஷயம் என்று ஒன்று உருவாகிறது. வந்த பிறகு அது நினைத்து வந்த விஷயமாகவே இருக்கும் என்பதும் நிச்சயமில்லை.

'ஹனிலேண்ட்' (2019) படத்தைப் பாருங்கள். தமாரா கோதெவ்ஸ்காவும் லுபோமிர் ஸ்தெஃபனோவும் வட மாசிடோனியாவில் சுற்றுச்சூழல் பற்றிய ஒரு சிறு படத்துக்காகப் போனவர்கள். மலைப்பாறை இடுக்குகளில் தேன் கூடு பார்த்துவந்த ஹதித்சே முரதோவாவைச் சந்தித்ததும் சிறு படம் மூன்று வருட வேலையாக மாறியது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாடோடிக் குடும்பம் மாடு கன்றோடு பக்கத்தில் வந்து குடியேறியது. பாதித் தேனை எடுத்துக்கொண்டு பாதியைத் தேனீக்கே விட்டுவிடும் ஹதித்சேயின் கணக்கு, அந்தக் குடும்பத்தின் அவசரத்தோடு மோதியது. அந்த மோதல்தான் படமே. எந்தத் திட்ட அறிக்கையில் இதை முன்கூட்டி எழுதியிருக்க முடியும்?

இன்னொரு விதமான திருப்பமும் உண்டு. இந்தோனேசியாவில் 1965-66-ல் நடந்த படுகொலைகளில் தப்பியவர்களை வைத்துத்தான் ஜோஷுவா ஓப்பன்ஹைமர் வேலையைத் தொடங்கினார். ராணுவம் அவர்களை மிரட்டியது. அப்போது தப்பியவர்களே அவரிடம், கொன்றவர்களைப் போய்ப் படமெடுங்கள், அவர்கள் பெருமையாகவே பேசுவார்கள் என்றார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'த ஆக்ட் ஆஃப் கில்லிங்' (2012). ஒரு கதவு சாத்தப்பட்டதால் கிடைத்த விஷயம். அதற்கு வழிகாட்டியதும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள்தான்.

திரும்பத் திரும்ப எடுக்கப்படும் விஷயங்கள் என்னென்ன?

உழைப்பு, போராட்டம், போரின் நினைவு, காடும் விலங்கும், குற்றமும் விசாரணையும், கலைஞர்களின் வாழ்க்கை. கடந்த இருபது முப்பது வருடங்களாகச் சொந்தக் குடும்பமும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. கேமரா கைக்கு அடக்கமானதும் மகனும் மகளும் அப்பாவின் மௌனத்தை நோக்கித் திருப்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

குறைவாக எடுக்கப்படுவது நிறுவனங்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம், நூலகம், நகராட்சி என்று நம் வாழ்க்கையில் பாதி தீர்மானமாவது இங்கேதான். ஆனால் நாயகன் இல்லை, வில்லன் இல்லை, கோப்புகளும் கூட்டங்களும்தான் இருக்கும் என்று பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அமெரிக்காவின் ஃப்ரெடெரிக் வைஸ்மன் அரை நூற்றாண்டுக்கு மேல் இதையே எடுத்தார். பேட்டி இல்லை, பின்னணிக் குரல் இல்லை, பின்னணி இசையும் இல்லை. 'அட் பெர்க்லி' (2013) ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி நான்கு மணி நேரம் ஓடுகிறது. கட்டணம் பற்றிய கூட்டம், பட்ஜெட் பற்றிய கூட்டம், நடுவில் புல் வெட்டும் ஒருவர். இரண்டாவது மணி நேரத்தில் அந்தக் கூட்டங்களில் யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்று நமக்கே பிடிபட ஆரம்பிக்கும். என்னைக் கேட்டால், புதிதாக வருபவர்களுக்கு இன்னும் உழப்படாத நிலம் இதுதான்.

ஒரு படத்துக்கு எவ்வளவு நாள் ஆகும்?

'ஹூப் ட்ரீம்ஸ்' (1994) தொலைக்காட்சிக்கான அரை மணி நேரப் படமாகத் திட்டமிடப்பட்டது. சிகாகோவைச் சேர்ந்த இரண்டு பையன்கள், கூடைப்பந்து, கல்லூரிக் கனவு. ஸ்டீவ் ஜேம்ஸும் நண்பர்களும் ஐந்து வருடம் அந்த வீடுகளுக்குப் போய்வந்தார்கள். சுமார் 250 மணி நேர ஃபுட்டேஜ் சேர்ந்தது. முடிந்த படம் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 'ஹனிலேண்ட்' சுமார் 400 மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருங்கியது. நாஜிகள் நடத்திய யூதப் படுகொலையைப் பற்றிய க்ளோத் லான்ஸ்மனின் 'ஷோவா' (1985) எடுத்து முடிக்கப் பதினொரு வருடம். படமே ஒன்பது மணி நேரத்துக்கு மேல்.

காலத்தையே விஷயமாக்கியவர்களும் உண்டு. பிரிட்டனில் 1964-ல் ஏழு வயதுப் பிள்ளைகள் பதினான்கு பேரைத் தொலைக்காட்சிக்காகப் படமெடுத்தார்கள். அந்த முதல் படத்தில் ஆய்வாளராக இருந்த மைக்கேல் ஆப்டெட், பிறகு ஏழு வருடத்துக்கு ஒருமுறை அதே ஆட்களிடம் திரும்பிப் போனார். 2019-ல் அவர்களுக்கு 63 வயது. ஒருவர் 21 வயதுக்குப் பிறகு வரமாட்டேன் என்று விலகிக்கொண்டார். அவரே பின்னாளில் ஆவணப்படத் துறைக்குப் போனார் என்பது இதில் ஒரு வேடிக்கை. பதினான்கு பேரில் பெண்கள் நான்கே பேர் என்பதைப் பிற்காலத்தில் ஆப்டெட் குறையாகவே சொன்னார். தேர்வு செய்தபோது கண்ணில் படாத சார்பு ஐம்பது வருடம் திரையில் கூடவே வந்தது.

ஜப்பானின் ஒகாவா ஷின்சுகே குழு இதில் வேறு எல்லை. நரிதா விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த விவசாயிகளோடு தங்கி, 1960-களின் பிற்பகுதியிலிருந்து வரிசையாகப் படங்கள் எடுத்தார்கள். பிறகு யமகாதா மாகாணத்தில் ஒரு கிராமத்துக்கே குடிபெயர்ந்து, பத்து வருடத்துக்கு மேல் தாங்களே நெல் பயிரிட்டுக்கொண்டு படமெடுத்தார்கள். எல்லாருக்கும் இது சாத்தியமில்லைதான். ஆனால் ஒரு வாரத்தில் எடுத்த படத்துக்கும் ஒரு வருடத்தில் எடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசம் திரையில் தெரியும்: மக்கள் கேமராவைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தி, தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

கேமரா இருக்கும்போது யாராவது இயல்பாக இருப்பார்களா?

இதற்கு இரண்டு பதில்கள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வந்தன. 1960 வாக்கில் தோளில் தூக்கக்கூடிய 16 மி.மீ. கேமராவும், படத்தோடு ஒத்திசைந்து ஒலிப்பதிவு செய்யும் கையடக்க டேப் ரெக்கார்டரும் வந்துசேர்ந்தன. அமெரிக்காவில் ராபர்ட் ட்ரூவின் குழு, ஒரு ஓரமாக நின்று, கேள்வி கேட்காமல், நடப்பதை எடுப்போம் என்றது. பிரான்சில் ழான் ரூஷும் எட்கர் மொரானும் நேர்மாறாகப் போனார்கள். கேமரா இருப்பதால் மனிதர்கள் மாறுகிறார்கள் என்றால் அந்த மாற்றத்தையே எடுப்போம் என்று பாரிஸ் தெருவில் மைக்கோடு இறங்கி, 'நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா?' என்று கேட்கவைத்தார்கள். 'க்ரோனிக் தன் எதே' (1961) படத்தின் கடைசியில், எடுத்ததை அதில் வந்தவர்களுக்கே போட்டுக்காட்டி அதையும் படமாக்கினார்கள். பார்த்தவர்களில் சிலருக்கு எல்லாம் நடிப்பாகப் பட்டது. சிலருக்கோ கூச்சம் வருமளவுக்கு வெளிப்படையாகப் பட்டது. அறுபது வருடமாகியும் அந்தச் சண்டை தீரவில்லை.

நடைமுறையில் பார்த்தால், வேலை இருக்கிறவர்கள் சீக்கிரம் கேமராவை மறக்கிறார்கள். கையில் நெல்லோ நூலோ நோயாளியோ இருந்தால் உங்களைக் கவனிக்க அவர்களுக்கு நேரமில்லை. சும்மா உட்காரவைத்துப் பேசச் சொன்னால் தலை வாரிக்கொள்வார்கள்.

திரும்ப நடிக்கவைத்து எடுப்பது பொய்யா?

எல்லாரும் உதாரணம் காட்டுவது, வட கனடாவின் இனூயிட் மக்களைப் பற்றிய நானூக் படத்தைத்தான். ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும் என்று பனிவீட்டைப் பெரிதாக, ஒரு பக்கம் திறந்தபடி கட்டச் சொன்னார். துப்பாக்கி பழகிவிட்ட மக்களை ஈட்டியோடு வேட்டைக்கு அனுப்பினார். நாயகனின் உண்மைப் பெயர் அல்லகாரியல்லாக். பனிவீட்டின் சுவரைத் திறந்தது எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. துப்பாக்கியைப் பிடுங்கியதுதான் உறுத்துகிறது. இந்த மக்கள் எந்தக் காலத்தில் வாழ்கிறார்கள் என்பதையே அது மாற்றிச் சொல்கிறது.

டிஸ்னியின் 'வைட் வில்டர்னெஸ்' (1958) இன்னும் மோசம். லெமிங் என்ற எலி வகை கூட்டம் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்ளும் என்ற கட்டுக்கதையைக் காட்டுவதற்காக, வேறு இடத்திலிருந்து லெமிங்குகளை வாங்கிவந்து, விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் விழச்செய்து எடுத்தார்கள். படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. குட்டு வெளிப்பட்டது 1980-களில், கனடாத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில்.

எரால் மோரிஸின் 'த தின் ப்ளூ லைன்' (1988) படத்திலும் நடித்துக்காட்டும் காட்சிகள் நிறைய. டல்லாஸில் ஒரு போலீஸ்காரர் சுடப்பட்ட சம்பவத்தை ஒவ்வொரு சாட்சியும் சொன்னபடி மோரிஸ் திரும்பத் திரும்ப நடிக்கவைத்துக் காட்டுவார். ஒவ்வொரு முறையும் விவரம் மாறும். 'இப்படித்தான் நடந்தது' என்று எந்தக் காட்சியும் சொல்லாது. 'இவர் இப்படிச் சொல்கிறார்' என்று மட்டும் சொல்லும். உண்மையிலேயே முக்கியமான வாக்குமூலம் கிடைத்த அன்று கேமரா பழுதாகிவிட, திரையில் ஒரு டேப் ரெக்கார்டர்தான் ஓடுகிறது. படம் முழுக்க அலங்காரமாகக் காட்டியவர், உச்சத்தில் வெறும் குரலோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. படமும் அதனால் உயர்ந்தது.

ஆக, பார்ப்பவருக்கு நடிப்பு என்று தெரிகிறதா, எதற்காக நடிக்கவைத்தார்கள் என்ற இரண்டையும் கேட்டுவிட்டால் பெரும்பாலான வழக்குகள் தீர்ந்துவிடும்.

எடிட்டிங்கில் உண்மையை மாற்ற முடியாதா?

மிகச் சுலபமாக முடியும். ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசுகிறார். எதிரே ஒரு பெண் கொட்டாவி விடுகிறார். கொட்டாவி உண்மைதான், ஆனால் இருபது நிமிடம் முன்னால், வேறொருவர் பேசும்போது விட்டது. ஒரே கேமராவோடு எடுக்கும்போது பேசுபவரையும் கேட்பவரையும் ஒரே நொடியில் எடுக்க வழியில்லை. எங்கோ எடுத்த முகத்தை இங்கே வைத்தே ஆகவேண்டும். எல்லா எடிட்டரும் செய்வார்கள். கவனமாகக் கேட்கும் முகத்தை வைத்தால் பேச்சு ஓடும். கொட்டாவியை வைத்தால் பேசியவரை நாம் கேலி செய்துவிட்டோம். டைம்லைனில் இரண்டுக்கும் ஒரே அளவு இடம்தான்.

நல்ல எடிட்டர் இங்கே கேட்பது: அந்தப் பேச்சுக்கு அந்த அறை அன்று எப்படி நடந்துகொண்டது? நிஜமாகவே எல்லாரும் தூங்கி வழிந்திருந்தால் கொட்டாவி நியாயம். இல்லையென்றால் அது எவ்வளவு அழகான ஷாட்டாக இருந்தாலும் தூக்கிவிட வேண்டும். இந்த முடிவு எதுவும் பார்வையாளருக்குத் தெரியப்போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா?

சட்டத்துக்கு ஓரளவு போதும். ஒளிபரப்பு நிறுவனங்களும் விழாக்களும் அதைத்தான் கேட்கும். ஆனால் கையெழுத்து போடும் நாளில் படம் என்னவாக இருக்கும் என்று இயக்குநருக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்குத் தரும் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம்?

வைஸ்மனின் முதல் படம் 'டிடிகட் ஃபாலீஸ்' (1967) இந்தக் கேள்வியில்தான் மாட்டியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மனநலம் பாதித்த கைதிகளை வைத்திருந்த பிரிட்ஜ்வாட்டர் மருத்துவமனையில் எடுத்தது. கண்காணிப்பாளரின் அனுமதி இருந்தது. படத்தில் ஆடையில்லாமல் அலையவிடப்பட்ட மனிதர்கள், மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி உணவூட்டப்படும் ஒருவர். கைதிகளின் அந்தரங்கம் மீறப்பட்டது என்று மாநில அரசு நீதிமன்றம் போனது. பொதுமக்களுக்குக் காட்டத் தடை வந்தது. மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருக்கு மட்டும் காட்டலாம் என்றார்கள். தடை விலகியது 1991-ல். அரசு கவலைப்பட்டது கைதிகளின் மானத்துக்கா, தன் மானத்துக்கா என்று சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர்களில் எத்தனை பேர் விவரம் புரிந்து சம்மதம் சொல்லும் நிலையில் இருந்தார்கள் என்ற கேள்வியும் போகவில்லை. இரண்டும் ஒரே படத்தில் இருக்கின்றன.

இன்று பலர் பின்பற்றும் வழக்கம்: சம்மதத்தை ஒருமுறை வாங்கி மூடிவைக்காமல், முக்கியமான கட்டங்களில் திரும்பக் கேட்பது. ரஃப் கட் (முதல்கட்டத் தொகுப்பு) தயாரானதும் சம்பந்தப்பட்டவருக்குப் போட்டுக்காட்டுவது. மாற்றச் சொல்லும் உரிமை தருவதா, கருத்து சொல்லும் உரிமை மட்டுமா என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது. தெரிந்தே தவறு செய்த அதிகாரிக்கு இந்தச் சலுகை தேவையில்லை என்பது என் கட்சி. தன் வீட்டைத் திறந்துவிட்டவருக்குத் தேவை.

படத்தில் வருபவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா?

பத்திரிகைத் துறையிலிருந்து வந்தவர்கள் கூடவே கூடாது என்பார்கள். காசுக்காகக் கதை சொல்வார்கள் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் ஒருவர் வேலையை விட்டுவிட்டு உங்களுக்காக நாள்கணக்கில் உட்காரும்போது, கேமராமேனுக்குச் சம்பளம், டிரைவருக்குச் சம்பளம், அவருக்கு மட்டும் நன்றி என்பது எந்த ஊர் நியாயம்?

'ஹூப் ட்ரீம்ஸ்' குழுவினர் படத்தின் லாபத்தை அந்தக் குடும்பங்களோடு பகிர்ந்துகொண்டார்கள். 'ஹனிலேண்ட்' குழுவினர் ஹதித்சேக்கு வீடு கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த டல்லாஸ் கொலையில் தவறாகத் தண்டிக்கப்பட்டு, 'த தின் ப்ளூ லைன்' படத்தால் விடுதலைக்கு வழி பிறந்த ராண்டல் ஆடம்ஸோ, தன் கதையின் உரிமை யாருக்கு என்று மோரிஸ் மீதே வழக்குப் போட்டார். வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. தன்னைச் சிறையிலிருந்து மீட்ட இயக்குநர் மேலேயே வழக்கா என்று அப்போது பலர் முகம் சுளித்தார்கள். பன்னிரண்டு வருடம் சிறையில் இழந்தவருக்கு மிச்சமிருந்த ஒரே சொத்து அந்தக் கதைதான் என்பதையும் யோசிக்க வேண்டும்.

படத்தில் வந்தவர்களுக்கே படம் பிடிக்கவில்லை என்றால்?

நடக்கும். 'ரைட்டிங் வித் ஃபயர்' (2021), தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் கபர் லஹரியா செய்தி நிறுவனத்தைப் பற்றியது. ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் அந்தச் செய்தி நிறுவனமே ஓர் அறிக்கை விட்டது: படம் உணர்வைத் தொடுகிறது, ஆனால் எங்கள் பணியின் ஒரு பகுதியை மட்டும் காட்டி எங்களைத் தவறாகப் புரியவைக்கிறது என்று. செய்தியாளர்களைப் பற்றிய படம் என்பதால் அவர்களுக்கு மறுப்பு எழுதத் தெரிந்தது, அதை வெளியிடத் தளமும் இருந்தது. மற்ற படங்களில் வருபவர்களுக்கு அது கிடையாது.

பின்னணிக் குரல் வைக்கலாமா?

வைக்கலாம். படத்தில் தெரிவதையே சொல்லாதீர்கள்; தெரியாததைச் சொல்லுங்கள். எல்லாம் அறிந்த கனத்த குரல் வேண்டாம்.

பழைய காட்சிகளை வைத்து மட்டும் படம் எடுக்க முடியுமா?

தாராளமாக. தமிழருக்கு இதில் ஒரு முன்னோடி உண்டு. ஏ.கே. செட்டியார் 1937-ல் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் தோன்றியது. பல நாடுகளில் அலைந்து, வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் எடுத்த காட்சிகளைத் தேடிச் சேர்த்தார். சேர்ந்தது சுமார் 50,000 அடி பிலிம். 35 மி.மீ.-ல் ஆயிரம் அடி பதினொரு நிமிடம் ஓடும் என்பதால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். படம் 1940-ல் வெளிவந்தது. அதன் முழுப் பிரதி பிறகு கிடைக்காமல் போய், ஆங்கில வடிவம் ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. காப்பகத்தை நம்பிப் பிறந்த படத்தையே காப்பகம் இல்லாமல் தொலைத்தோம்.

இன்று தேடுவதைவிட உரிமை வாங்குவது கடினம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைச் சொல்லும் 'ஐஸ் ஆன் த ப்ரைஸ்' தொடர் 1987-ல் ஒளிபரப்பானது. பழைய செய்திக் காட்சிகளுக்கும் பாடல்களுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமை வாங்கியிருந்தார்கள். அந்தக் காலம் முடிந்ததும் பல வருடம் அதை ஒளிபரப்பவோ விற்கவோ முடியவில்லை. பெருந்தொகை திரட்டி உரிமைகளைப் புதுப்பித்த பிறகு 2006-ல்தான் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தது. பின்னணியில் ரேடியோ பாடினாலும் உரிமை உரிமைதான். எடுக்கும்போதே அணைக்கச் சொல்லிவிடுங்கள்.

ஆபத்தான விஷயங்களை எடுப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

சமாளிக்க முடியாமல் போனவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். சிலியில் 1973 ராணுவப் புரட்சிக்கு முன்பான மாதங்களை பத்ரிசியோ குஸ்மான் படமெடுத்தார். பிலிம் தட்டுப்பாடு, பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர்தான் பிலிம் அனுப்பிவைத்தார். புரட்சிக்குப் பிறகு பிலிம் சுருள்கள் சுவீடன் தூதரகத்தின் உதவியோடு நாட்டைவிட்டு வெளியேறி, கியூபாவில் எடிட் ஆகி 'த பேட்டில் ஆஃப் சிலி' ஆயின. கேமராமேன் ஹோர்ஹே முல்லர் சில்வா 1974-ல் கைதாகிக் காணாமல் போனார். இன்றுவரை காணவில்லை.

பெயரைத் தியாகம் செய்வது ஒரு வழி. 'த ஆக்ட் ஆஃப் கில்லிங்' படத்தின் முடிவில் ஓடும் பட்டியலில் இணை இயக்குநர் உட்பட வரிசையாக 'பெயரிலி' என்றே வரும். முகத்தை மறைப்பது இன்னொரு வழி. மொசைக் போட்டால் மனிதர் குற்றவாளிபோலத் தெரிவார், கண் தெரியாது. 'வெல்கம் டு செச்னியா' (2020) படத்தில், ரஷ்யாவின் செச்னியாவிலிருந்து கொடுமைக்கு அஞ்சித் தப்பியோடும் தன்பாலின ஈர்ப்பாளர்களின் முகங்களுக்கு மேல் தன்னார்வலர்களின் முகங்களைக் கணினியில் பொருத்தினார்கள். அழுகை, பயம், சிரிப்பு எல்லாம் அவர்களுடையது. முகம் மட்டும் வேறு.

கேமராவே சில சமயம் கேடயமாகும். பார்பரா காப்பிள் 'ஹார்லன் கவுண்டி யுஎஸ்ஏ' (1976) படத்துக்காக கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தில் மாதக்கணக்கில் இருந்தார். பிலிம் தீர்ந்த நாட்களிலும் மறியல் வரிசையில் கேமராவோடு நின்றதாகச் சொல்லியிருக்கிறார். படமெடுக்கிறார்கள் என்ற நினைப்பு அடியாட்களுக்கு இருக்கட்டும் என்று.

ஃபோனில் எடுக்கலாமா? என்ன கருவி வேண்டும்?

படத்துக்கு ஃபோன் போதும். சத்தத்துக்குப் போதாது. ஆடிப்போன படத்தை மக்கள் மன்னிப்பார்கள், கேட்காத வசனத்தை மன்னிக்க மாட்டார்கள். கையிலிருக்கும் காசில் பாதிக்கு மேல் மைக்குக்குப் போகட்டும்.

பேட்டி முடிந்ததும் சவுண்ட் பார்ப்பவர் 'யாரும் அசையாதீங்க' என்பார். அந்த அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடமாவது தனியாகப் பதிவு செய்வார். மின்விசிறியின் தட்தட், எங்கோ கதவு, யாருடைய மூச்சோ. எடிட்டிங்கில் ஒரு வாக்கியத்தை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் ஓட்டையை இந்தச் சத்தத்தால்தான் அடைப்பார்கள். பேட்டி கொடுத்தவர் அந்த அரை நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருப்பார். முடிந்தது என்றதும் பலர் 'இன்னொன்னு சொல்லணும்' என்று ஆரம்பிப்பார்கள். இரண்டு மணி நேரம் வராத விஷயம் அப்போது வரும். ரெக்கார்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓடுகிறது என்று அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவை ஆவணப்படத்தில் பயன்படுத்தலாமா?

மறைந்த அமெரிக்கச் சமையல் கலைஞரும் எழுத்தாளருமான ஆந்தனி போர்டெய்ன் பற்றிய 'ரோட்ரன்னர்' (2021) படத்தில், அவர் எழுதிய சில வரிகளை அவர் குரலிலேயே கணினியைப் பேசவைத்துச் சேர்த்திருந்தார்கள். வரிகள் அவருடையவைதான். ஆனால் படத்துக்குள் எங்கும் சொல்லவில்லை, பேட்டியில்தான் தெரியவந்தது. பார்த்தவர்கள் கோபப்பட்டதில் ஆச்சரியமில்லை. செச்னியா படத்தில் அதே வகைத் தொழில்நுட்பம் உயிர்களைக் காத்தது, ஆரம்பத்திலேயே சொல்லியும்விட்டார்கள். பழைய காட்சி இல்லாத இடத்தை உருவாக்கிய படத்தால் நிரப்புவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். ஒரு நிகழ்ச்சிக்குப் படமே இல்லை என்பதும் அந்த நிகழ்ச்சியைப் பற்றிய ஒரு தகவல்.

ஆவணப்படத்தால் ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது, அளவோடு. 'த தின் ப்ளூ லைன்' வெளியான அடுத்த வருடம், 1989-ல், ராண்டல் ஆடம்ஸ் விடுதலையானார். 'ப்ளாக்ஃபிஷ்' (2013) வந்த பிறகு எழுந்த எதிர்ப்பில், கடல் விலங்குகளை வைத்துக் காட்சி நடத்தும் அமெரிக்கப் பூங்கா நிறுவனமான சீவேர்ல்டு, ஓர்கா திமிங்கிலங்களை வளர்த்துப் பெருக்குவதை நிறுத்துவதாக 2016-ல் அறிவித்தது. இரண்டிலும் இலக்கு கூர்மையாக இருந்தது: ஒரு தீர்ப்பு, ஒரு நிறுவனம். வறுமையை ஒழிப்பேன் என்று கிளம்பிய படங்கள் எதையும் ஒழித்ததாகத் தெரியவில்லை.

படத்தை முடித்த பிறகு யார் பார்ப்பார்கள்?

ஆம்ஸ்டர்டாமின் இட்ஃபா, டொரண்டோவின் ஹாட் டாக்ஸ், ஒகாவா தொடங்கக் காரணமாக இருந்த யமகாதா விழா, மும்பை சர்வதேசத் திரைப்பட விழா என்று ஆவணப்படத்துக்கென்றே விழாக்கள் உண்டு. ஆனால் விருது விநியோகத்தைக் கொண்டுவரும் என்று உத்தரவாதமில்லை. பாலஸ்தீனரும் இஸ்ரேலியரும் சேர்ந்து இயக்கிய 'நோ அதர் லேண்ட்' (2024) ஆஸ்கர் வாங்கிய அன்றும் அமெரிக்காவில் அதை வாங்க விநியோகஸ்தர் இல்லை. படக்குழுவே திரையரங்குகளுக்குக் கொண்டுபோனது. ஆனந்த் பட்வர்தன் தன் படங்களைத் தூர்தர்ஷன் ஒளிபரப்ப வேண்டும் என்று பலமுறை நீதிமன்றம் ஏறி வென்றவர். கல்லூரி, தொழிற்சங்கம், தெருமுனை என்று அவர் படங்கள் ஓடிய திரைகள் வேறு.

எங்கே காட்டினாலும், முதல் காட்சியைப் படத்தில் வந்தவர்கள் ஊரில் போடுவது நல்ல வழக்கம். அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே எழுந்து போகிறார்கள் என்று பின்வரிசையிலிருந்து பாருங்கள்.

முதல் படம் எதை எடுப்பது?

ஏற்கெனவே உங்களை உள்ளே விடும் இடத்தை. உங்கள் அத்தை வேலை பார்க்கும் அலுவலகம், நண்பனின் பட்டறை, நீங்கள் படித்த பள்ளி. ஒரே இடம், ஒரே ஆள், பத்து நிமிடத்துக்கு மிகாத படம். முதல் வாரம் கேமராவை எடுக்காமல் போய் உட்காருங்கள். அங்கே ஒரு நாளில் திரும்பத் திரும்ப நடக்கும் வேலை எது, அதில் எது எப்போதாவது தடுமாறுகிறது என்று கவனியுங்கள். தடுமாறும் இடத்தில் கேமராவை வையுங்கள். எடுக்கும் ஒவ்வொரு நாளும் இரவே அன்றைய ஃபுட்டேஜைப் பார்த்து, எந்த நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று எழுதிவைத்துவிடுங்கள். இரண்டு டிஸ்கில் பிரதி எடுத்து வெவ்வேறு இடத்தில் வையுங்கள். எழுதிவைக்காத ஃபுட்டேஜ் எடுக்காத ஃபுட்டேஜுக்குச் சமம் என்பது எடிட்டரிடம் போய் உட்காரும் அன்றே தெரிந்துவிடும்.